பேசாத கட்டை

நினைவு ஆராதனையில் எல்லாம் சொன்னார்கள், திர்சா சிஸ்டர்.
நாற்பத்தோரு வருசம் ஊழியம்,
எத்தனை பிரசவம், எத்தனை லெந்துகால உபவாசம்,
பாடகர் குழுவுக்கு நீங்கள் தைத்துக்கொடுத்த வெள்ளை அங்கி.
ஐயர் மூன்று இடத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
வெளியே ஆடிக் காத்து,
தாராபுரத்தையே தூக்கி
மூலனூரில் வைத்துவிடுகிற மாதிரி.

நான் கடைசிப் பெஞ்சில்.
உங்கள் சாமி எனக்குச் சாமியில்லை, தெரியும் உங்களுக்கு.
மாரியம்மன் பூச்சாட்டுக்கு லீவு கேட்டால்
"அக்கினிச்சட்டி எடுக்கிற கையில்
மருந்துப் புட்டி நடுங்காது, போய்ட்டு வா அம்மணி" என்பீர்கள்.
மருந்தறை ஜன்னலுக்கு அந்தப்பக்கம் நீங்கள்,
இந்தப்பக்கம் நான்.
நடுவில் ஒரு மரச்சட்டம்,
அப்புறம் ஒரு பொய்ப்பெயர்.

'ரூத், முப்பத்தெட்டு, குண்டடம்.'
பதிவேட்டில் அப்படி எழுதச் சொன்னீர்கள்.
மாசம் ஒரு அட்டை, இருபத்துநாலு மாசம்.
"யாருக்குங்க?" என்று முதல் மாசம் கேட்டேன்.
நீங்கள் கையை நீட்டினீர்கள்.
சுண்டுவிரல்
அவரைப்பிஞ்சு மாதிரி உள்ளே வளைந்திருந்தது.
அப்புறம் கேட்கவில்லை.

மாத்திரை உங்கள் முகத்தைக் கறுக்கவைத்தது.
"கொளிஞ்சிவாடி வெயிலுங்க" என்றீர்கள் கோயில் பெண்களிடம்.
அவர்கள் கடலைமாவும் கஸ்தூரி மஞ்சளும் கொடுத்தனுப்பினார்கள்.
அதையும் வாங்கிக்கொண்டீர்கள்.
ஒரு ஞாயிறு, பாட்டின் உச்சியில்
ஆர்கன் ஒரு இடத்தில் சும்மா இருந்தது.
"அந்தக் கட்டை செத்துப்போச்சு.
அந்த எடம் வந்தா நீங்களே பாடிக்குங்க."
பாடினார்கள்.
தேங்காய்மண்டி ஞானாபரணம் கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார்.
பத்தொன்பது வருசம்.

காலனியில் மட்டும் கதை தேவைப்படவில்லை.
சனிக்கிழமை பொழுதோட
கால்கட்டு அவிழ்த்து, புண் கழுவி,
டயர்ச் செருப்பு மாட்டிவிட்டு
அதே கையால் ஆர்மோனியப் பெட்டியைத் திறப்பீர்கள்.
அவர்கள் உங்கள் சுண்டுவிரலைப் பார்த்தார்கள்.
அவ்வளவுதான்.
விரலில்லாத கைகளைத் தட்டிக்கொண்டே
உச்சி வருவதற்கு முன்னாடியே மூச்சு இழுத்து வைத்துக்கொள்வார்கள்,
பாரவண்டி மேடேறும்போது
பின்னாலிருந்து தோள் கொடுக்கிறவர்கள் மாதிரி.

ஒரு கோபம் இருக்கிறது உங்கள்மேல். இன்னும் தீரவில்லை.
காலனி ராசாமணி மகளுக்கு
நிச்சயம் பண்ணின இடம் தட்டிப்போனபோது
"மாத்திரை தின்னா தீர்ந்துபோற நோயுங்க இது" என்று
வாசல் வாசலாக ஏறி வாதாடினீர்கள்,
கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு.
அன்றைக்கு வெளியே எடுத்திருக்கலாம்.
எடுத்திருந்தால் அடுத்த ஞாயிறு
ஆர்கன் முன்னால் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்பதும்
எனக்குத் தெரியாமலில்லை.
உங்களுக்கும்.

போன வாரம் ஈரோட்டிலிருந்து ஒருத்தர் வந்தார்,
ஆர்கனைப் பிரித்துப் பார்க்க.
சாவியை என்னிடம் விட்டுப் போயிருந்தீர்கள்,
நான்தான் திறந்தேன்.
உள்ளே எலிப்புழுக்கை, ஒரு கொண்டை ஊசி,
மெழுகுவர்த்தித் துண்டு.
ஒவ்வொரு ரீடாக ஊதிப் பார்த்தார்.
"எல்லாமே பேசுதுங்களே."
அந்த மேல்கட்டையை அமுக்கினார்.
பேசியது.
தொட்டுத் தேயாததால்
மற்றதையெல்லாம்விடத் தெளிவாக,
ஒறம்பரை வீட்டுக்குப் புதுசாய் வந்தவளைப்போல் கொஞ்சம் கூசி.

ஐயர் என் முகத்தைப் பார்த்தார்.
"அப்புறம் ஏம்மா இத்தனை நாளா...?"
"காத்துங்க" என்றேன்.
"நம்மூருக் காத்துக்கு எதுதான் நிக்குதுங்க."

பழைய பதிவேட்டைக் கரையான் தின்னவில்லை, பார்த்துவிட்டேன்.
ரூத்துக்கு நேராகக் கடைசிக் கட்டத்தில்
என் கையெழுத்தில் 'குணம்'.

ரிப்பேர்க்காரர் பையை மாட்டிக்கொண்டார்.
சரிபண்ண ஒன்றுமில்லையாம்,
பஸ் காசு மட்டும் போதுமாம்.
கொடுத்தேன்.